இரண்டாவது மாத்திரை

ஜூன் 3

மெக்கானிக் அவர்களுக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "மேல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். லிப்ட் மாட்டுகிறவர் மேலேதான் இருப்பார், அது எனக்கும் தெரியும். ஒரு தடவைகூடக் கீழே இறங்குவதில்லையா? அதனால்தான் உங்கள் சைட் ஆபீஸ் விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது.

முதலில் என் கத்தரிக்கோல் எங்கே? கறுப்புப் பிடி போட்ட பெரிய கத்தரி. நீங்கள் கிளம்பிப் போன மறுநாளிலிருந்து தேடுகிறேன். ரெடிமேட் கடையிலிருந்து ஆல்டரேஷனுக்கு வந்த பேன்ட்கள் மெஷின் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. நகம் வெட்டுகிற கத்தரியால் பேன்ட் துணியை வெட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

சமையலறைக் கத்தி கிடைத்துவிட்டது. பரணில், உங்கள் பழைய சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தது. கத்தியை யாராவது பரணில் வைப்பார்களா? பால்கனிக் கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் கேபிள் வயரால் கட்டு. ஐந்தாவது மாடிக்குத் திருடன் பால்கனி வழியாகவா வருவான்? குழந்தைத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்ந்து நாறுகிறது.

பொடிசு தவழ ஆரம்பித்துவிட்டாள். பின்பக்கமாக. ஒரு பொம்மையை எடுக்கக் கிளம்புவாள், கை கால் அடிக்க அடிக்க அது தள்ளித் தள்ளிப் போகும். பொம்மைமேல்தான் தப்பு என்பதுபோல் கத்துவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பின்னால் போவதில் நல்ல ஒற்றுமை.

போவதற்கு முன்னால் ஒரு மாதமாக நீங்கள் அவளைத் தூக்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். "கொஞ்சம் பிடிங்க" என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பீர்கள். பெண் குழந்தை என்பதால் வருத்தமா? அப்படியென்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அம்மா வந்திருக்கிறாள். "வேற யாராவது இருக்காளான்னு விசாரிடி" என்கிறாள். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஒருத்தியைச் சமாளிக்கவே உங்களுக்குத் தெம்பு போதாது. ஆனால் பல் முளைக்காத ஒரு குழந்தையைப் பார்த்துப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பதில் எழுதுங்கள். கத்தரி எங்கே என்றாவது எழுதுங்கள்.

—நான்


ஜூன் 14

மாஸ்டர்,

கத்தரி கீழே கரண்ட் மீட்டர் பெட்டிக்குள், நம் மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது. கையை விட்டு எடுக்காதே. வாட்ச்மேனிடம் சொன்னால் எடுத்துத் தருவார். உன் தையல் வேலை கெட்டுப்போனதற்கு மன்னித்துக்கொள். எடுத்த பிறகு வேலை முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டு. ஏன் என்று கேட்காதே.

பெண் குழந்தை என்று வருத்தமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிப்டில் ஏறி இறங்கி எல்லா மாடியிலும் இருந்த நர்சுகளுக்கும் சொல்லிவிட்டு வந்தவன் நான். மறந்துவிட்டாயா?

உன்மேல் ஒரு குறையும் இல்லை. வேறு யாரும் இல்லை. போன் எடுக்காததற்குக் காரணம், பின்னால் அவள் சத்தம் கேட்கிறது. கேட்டால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடுவதில்லை.

இங்கே கட்டடம் இன்னும் எலும்புக்கூடாகத்தான் நிற்கிறது. லிப்ட் ஓட வேண்டிய ஷாஃப்டுக்குள் சாரத்தில் நின்று இரும்பு ரெயில் பதிக்கிறோம். கீழே பார்த்தால் இருட்டு. எனக்கு அங்கே ஒரு பயமும் இல்லை. வெல்டர் ஒருவனும் நானும் ஒரே அறை. அவன் நல்லவன், தூக்கத்திலும் பேசுவான்.

பால்கனிக் கதவைத் திறக்காதே. கட்டை அவிழ்க்காதே. இது ஒன்றை மட்டும் கேள். இதற்குமேல் எழுத வரவில்லை.


ஜூன் 22

மெக்கானிக் அவர்களுக்கு,

வாட்ச்மேன் மீட்டர் பெட்டியிலிருந்து என் கத்தரியை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இது எதுக்கும்மா இங்க வந்துச்சு?" என்றார். எலிக்கு என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அதுதான்.

மேலே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். தைக்கவில்லை, யோசித்தேன். கத்தி, கத்தரி, பால்கனி. இந்த மூன்றையும் ஒருவர் மறைக்கிறார். வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் ஒருத்திக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியாது, பின்பக்கமாகத் தவழ்கிறவள். மிச்சம் நீங்களும் நானும்.

என்னிடமிருந்து ஒளித்தீர்களா? பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு மனசு தடுமாறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அப்படி ஏதாவது செய்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? ராத்திரி அழுதிருக்கிறேன், உண்மை. எரிந்து விழுந்திருக்கிறேன். அதற்காகவா?

இல்லை, உங்களிடமிருந்தேதானா?

காதில் பூ சுற்றாமல் நேராகச் சொல்லுங்கள். எதுவானாலும் பரவாயில்லை. சொல்லாமல் இருந்தால், அடுத்த மாதப் பாதியில் பொடிசைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கிளம்பிவிடுவேன். அதற்கப்புறம் எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

—நான்


ஜூலை 2

மாஸ்டர்,

உன்னிடமிருந்து இல்லை. அப்படி ஒரு நொடிகூட நினைத்ததில்லை. என்னிடமிருந்துதான்.

அன்று மழை பெய்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே மெஷினில் இருந்தாய். மழையைக் காட்டலாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நின்றேன். கம்பியில் சொட்டிய தண்ணீரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. இவளைக் கீழே போட்டுவிட்டால்?

யாரும் காதில் வந்து சொல்லவில்லை. என் தலைக்குள், என் நினைப்பாகத்தான் வந்தது. உள்ளே ஓடிவந்து தொட்டிலில் போட்டேன். போட்ட வேகத்தில் அழுதாள். "என்னங்க ஆச்சு?" என்றாய். "கை வலிக்குது" என்றேன்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போகவில்லை. அடுத்த நாளும் வந்தது. கத்தியைப் பார்த்தால் கத்தியோடு வந்தது, உன் கத்தரியைப் பார்த்தால் கத்தரியோடு. குளிக்க வைக்கிற தொட்டித் தண்ணீரைப் பார்த்தாலும் வந்தது. இப்படி ஒரு நினைப்பு ஒரு தகப்பனுக்கு ஏன் வர வேண்டும்? உள்ளுக்குள் எனக்கு அந்த ஆசை இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க மனசைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பேன். தோண்டத் தோண்டச் சந்தேகம்தான் பெருகியது. அவள் தூங்கும்போது கதவோரம் நின்று மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். நான் ஏதாவது செய்துவிட்டு மறந்திருப்பேனோ என்றும் பயம். வெளியூர் வேலைக்கு யார் தயார் என்று சூப்பர்வைசர் கேட்டதும் கையைத் தூக்கினேன். "புதுசா கொழந்த பொறந்தவன் எதுக்குடா போற?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

அவளுக்கு என்னிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றால், நான் தூரத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. வேறு வழி தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் தப்பு சொல்ல மாட்டேன். அம்மாவோடு போவதானாலும் போ. போவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி மட்டும் எழுது. உனக்கு என்னைத் தெரியும். நான் அப்படிச் செய்யக்கூடியவனா?


ஜூலை 9

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். வெளியே வந்ததும் வாசல் கதவைத் தாழ் போட்டேன். நீங்கள் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிறீர்கள், நான் இங்கே யாருக்குத் தாழ் போடுகிறேன்? பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். மறைக்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட வரி: இல்லை. நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை.

அன்று பொடிசுக்குத் தடுப்பூசி. குழந்தை டாக்டர் ஊசி போட்டு முடித்ததும், கதவை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார் என்றுகூட நினைத்தேன். அவர் ஊசி மருந்துக் குப்பியை மெதுவாகக் குப்பையில் போட்டுவிட்டுக் கேட்டார், "அந்த நெனப்பு வந்ததும் அவர் என்னம்மா பண்ணாரு?"

"உள்ள ஓடிவந்துட்டார் டாக்டர். அப்புறம் ஊரைவிட்டே ஓடிட்டார்."

"ம்ம். நான் அவரைப் பார்க்காம உறுதியா சொல்லக் கூடாது. இது மனநல டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா ஓசிடி மாதிரி இருக்கு. ஓசிடின்னா கை கழுவறது மட்டும் இல்லைம்மா. வேண்டாத நெனப்பு வந்து விடாம சுத்தும். அதுவும் எது மேல ரொம்ப உயிரோ அதைப் பத்தியே வரும். இப்படி வர்றவங்க ஆசைப்பட்டு நெனைக்கறதில்லை. செஞ்சிடுவோமோங்கற பயத்துலயே செத்துப் பிழைப்பாங்க."

உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒரு அம்மா இருப்பதாகச் சொல்லி விவரம் கொடுத்தார். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். லீவு போட்டுவிட்டுப் போங்கள். சாரத்தில் ஏறப் பயப்படாதவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசப் பயப்படாதீர்கள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா ஊருக்குப் போகிறாள். நான் போகவில்லை.

—உங்கள் மாஸ்டர்


செப்டம்பர் 10

மாஸ்டர்,

போனேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்ததையும் சேர்த்தால் மூன்றாவது தடவையில் போனேன். டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டு அதிர்ச்சி அடையவே இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. உலகத்தில் யாருக்கும் வராத கொடுமை எனக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போன வாரம் ஒரு டீச்சர் வந்தாங்க, இதே கதை" என்றார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைதானாம். ஓசிடிக்கு அதைவிட அதிக அளவு வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார். முதல் வாரம் குமட்டல். வெல்டர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மசக்கையா?" என்றான். வாரம் ஒரு நாள் பயிற்சியும் இருக்கிறது. நினைப்பு வரும்போது ஓடாமல், தோண்டாமல், சும்மா இருந்து பழக வேண்டுமாம். சொல்ல எளிதாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நீ எழுதிய அந்த ஒரு வரியைக் கிழித்துப் பர்சில் வைத்திருக்கிறேன். பயம் வந்தால் எடுத்துப் படிப்பேன். படித்ததும் அடங்கும், பிறகு மறுபடி வரும், மறுபடி படிப்பேன். மடித்து மடித்துத் தாள் கிழிந்துவிட்டது. எழுத்தும் தேய்ந்துவிட்டது. அதை மறுபடி எழுதி அனுப்பு. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் அந்த வரியை மட்டும் எழுதிவிடு. அது போதும் எனக்கு.


செப்டம்பர் 19

என்னங்க,

எழுத மாட்டேன்.

உங்கள் டாக்டரம்மா போன வாரம் என்னோடு பேசினார். நீங்கள்தான் சரி சொன்னீர்களாமே. அந்தத் தாள் விஷயத்தையும் அவரிடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் கேட்டார், "அந்த வரியைப் படிச்சதும் அவருக்கு எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்காம்?" அடுத்த தடவை படிக்கும்வரைதான் என்றேன். "அதான்மா. நீங்க சொல்லச் சொல்ல, கேட்டாத்தான் நிம்மதின்னு அவர் மூளை பழகிடும். சொல்லாம இருக்கறதுதான் இப்ப நீங்க பண்ற வைத்தியம்."

ஒரு தடவை எழுதியாயிற்று. எனக்கு அது எவ்வளவு உண்மை என்று உங்களுக்குத் தெரியும். இனி அந்தப் பேச்சு என் கடிதத்தில் வராது. கோபம் வந்தால் வரட்டும். உங்களுக்குக் கஷ்டம் என்றால் எனக்கு மட்டும் இனிக்கிறதா? பேனாவை வைத்துக்கொண்டு, அந்த வரியை எழுதிவிடுவேனோ என்று என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பால்கனிக் கட்டை அவிழ்த்துவிட்டேன். கேட்டுக்கொண்டு செய்யவில்லை. துணி காய வேண்டும்.

பொடிசு இப்போது முன்பக்கமாகவே தவழ்கிறாள். இரண்டு பல், கீழ் வரிசையில். கடித்தால் தெரியும்.


நவம்பர் 6

மாஸ்டர்,

ஒரு மாதத்துக்குமேல் எழுதவில்லை. கோபம்தான். இப்போது இல்லை என்று சொன்னால் அது பொய், குறைந்திருக்கிறது என்பது உண்மை. அந்தக் கிழிந்த தாளை டாக்டரம்மா மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு நடந்தே வந்தேன். நடை முழுக்க பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாத்திரை முழு அளவுக்கு வந்து நெடுநாள் ஆகிறது. பாதி சரி. போனில் அவள் கத்துவதைக் கேட்க முடிகிறது, கேட்ட பிறகு வேலையும் செய்ய முடிகிறது. மிச்சப் பாதி அசையவே இல்லை. ஊருக்கு வர டிக்கெட் எடுத்தேன், பஸ் கிளம்புவதற்கு முன்னால் இறங்கிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மா இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரையை நிறுத்தாமல், அதோடு சேர்த்து இதையும் சின்ன அளவில். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தேன். இல்லாத குரல் கேட்பவர்களுக்கு, நிஜத்துக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனவர்களுக்கு என்று இருக்கிறது. வெல்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எங்க சித்தப்பாவுக்குக் குடுத்ததாச்சே! அவரு ரோட்ல நின்னு லைட் கம்பத்தோட சண்டை போடுவாரே" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. வாயளவில் ஓசிடி என்று சொல்லிவிட்டு, நான் அந்த மாதிரி ஆள்தான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். மாத்திரையைப் போடவில்லை. டூல் பெட்டியில் கிடக்கிறது. ஒரு மாத்திரை பாதி தூரம் கொண்டுவந்தது. இந்தப் பாதியோடு இருந்துவிடுகிறேன். மாதம் ஒரு தடவை போனில் அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.


நவம்பர் 15

என்னங்க,

பாதியோடு நீங்கள் இருந்துவிடுவீர்கள். என்னைக் கேட்டீர்களா? பொடிசைக் கேட்டீர்களா? அவள் மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், போன செவ்வாய்க்கிழமை. நின்றுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் ஒருத்திதான் இருந்தேன். கை தட்டினேன். ஒரு ஆள் தட்டினால் சத்தமே வரவில்லை.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டே டாக்டரம்மாவோடு போனில் பேசினேன். "எங்க வீட்டுக்காரரை அந்த லிஸ்ட்ல சேர்த்துட்டீங்களா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். அதே மருந்து பெரிய அளவில் ஒரு வேலை செய்யும், சின்ன அளவில் முதல் மாத்திரைக்குத் துணையாக வேறு வேலை செய்யும், ஓசிடியில் முதல் மாத்திரை முழு அளவில் கொடுத்தும் பாதியில் நிற்கிறவர்களுக்கு இப்படிச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான் என்றார். எல்லோருக்கும் கேட்காது, மூன்று பேரில் ஒருவருக்குக் கேட்டால் நல்லது, சில வாரம் பார்த்துவிட்டுப் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நிச்சயம் கேட்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். எடை, ரத்தச் சர்க்கரை எல்லாம் அவ்வப்போது பார்ப்பார்களாம்.

நீங்கள் லிப்டில் ஒரு பிரேக் இருக்கும்போது இன்னொன்று எதற்கு வைக்கிறீர்கள்? முதல் பிரேக்கை அவமானப்படுத்தவா?

நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் எனக்காகப் போட்டேன் என்று நாளைக்குச் சொல்வீர்கள். டூல் பெட்டியில் இருப்பது கெட்டுப்போவதற்குள் முடிவு பண்ணுங்கள்.

—மாஸ்டர்


ஜனவரி 20

மாஸ்டர்,

இரண்டாவது பிரேக்கைப் பற்றி நீ சொன்னது தப்பு. அது கயிறு அறுந்து லிப்ட் பெட்டி தலைதெறிக்க இறங்கினால்தான் பிடிக்கும். முதல் பிரேக்குக்குத் துணையாக எல்லாம் வேலை செய்யாது. தெரியாத விஷயத்தில் உவமை சொல்லக் கூடாது. ஆனால் அதைப் படித்துச் சிரித்தேன், சிரித்துவிட்டு மாத்திரையைப் போட்டேன்.

போனில் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நாளிலேயே கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது, எழுந்தால் நட என்கிறது. தோலுக்குள் யாரோ அவசரப்படுத்துகிற மாதிரி. சாப்பிடுகிற இடத்தைச் சுற்றி நடந்துகொண்டே சாப்பிட்டேன். சாரத்தில் அப்படி நிற்பது ஆபத்து என்று நானே சூப்பர்வைசரிடம் சொல்லிக் கீழ் வேலைக்கு வந்துவிட்டேன். நினைப்போடு இந்தத் தவிப்பும் சேர்ந்துவிட்டதே, முற்றிவிட்டது என்று நினைத்தேன். டாக்டரம்மா கேட்டதுமே, "இது உங்க நோய் இல்லை, மாத்திரை பண்றது. சிலருக்கு இப்படி ஆகும். உடனே வந்து சொன்னீங்களே, அது போதும்" என்று நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் கொஞ்ச நாளில் கால் அடங்கியது.

வேறொன்று கொடுத்தார், அதே வகையில். இன்னும் சின்ன அளவு, தூங்கப் போகும்போது. காலையில் எழுந்திருக்கவே மனசு வராத அளவுக்குத் தூக்கம். பசி வேறு. என் பேன்ட் எல்லாவற்றுக்கும் இடுப்பில் துணி விட மாஸ்டர் கை வேண்டும்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், கண் பட்டுவிடும்போல் இருக்கிறது. போன வாரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு வந்தது, அவள் முகத்தோடு. வழக்கம்போல் அதன் பின்னாலேயே ஓடத் தயாரானேன். பார்த்தால், அது போய்விட்டது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்பு ஒரு நினைப்பு வந்தால் தார் மாதிரி ஒட்டும். இப்போது வருகிறது, ஒட்டவில்லை. எப்போதும் இப்படி இல்லை. சில நாள் பழையபடி ஒட்டுகிறது. ஆனால் பயிற்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. நீ வீடியோவில் அவளைக் காட்டிய அன்று நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தது தற்செயல் இல்லை, டாக்டரம்மா சொன்ன பயிற்சி. கையிலிருந்த கத்தியை நான் கீழே வைக்கவில்லை.

மார்ச்சில் லீவு கேட்டிருக்கிறேன்.


மார்ச் 17

என்னங்க,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு வீடு ஓவென்று இருக்கிறது. இரண்டு நாள்தான் இருந்தீர்கள், அதற்குள் உங்கள் ஷேவிங் கிரீமைப் பொடிசு தின்று பார்த்திருக்கிறாள்.

உங்களைப் பார்த்ததும் அவள் வீறிட்டு அழுதபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவளுக்கு ஏதோ தெரிந்துதான் அழுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். வாட்ச்மேனைப் பார்த்தாலும் அப்படித்தான் அழுகிறாள். மீசை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலமே உங்கள் மடியில் ஏறி அதைப் பிடித்து இழுத்தாளே.

மறுநாள் நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனீர்கள். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, காலிப் பாத்திரத்தைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. நின்றால் நான் காவல் காப்பதாக ஆகிவிடும். அதனால் கிண்டினேன். உங்கள் முதுகு தெரிந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவள் கீழே போகிற பஸ்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பஸ்ஸையும் விடவில்லை. ரொம்ப நேரம் நின்றீர்கள். உள்ளே வந்து, "பசிக்குது" என்றீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாயை என்னால் பொத்தியிருக்க முடியுமா, தெரியாது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் சம்மதித்தபடி. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ வேற யாரும் இல்லையா?" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு. பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டி, தனியா கெடந்து என்ன பாடு பட்டாரோ" என்றாள்.

சைட் வேலை முடிந்ததும் வந்துவிடுங்கள். நிரந்தரமாக. முழுசாகச் சரியான பிறகு வருகிறேன் என்று எழுதாதீர்கள். முழுசாகச் சரியாக இருக்கிறவர் யாரும் இந்த வீட்டில் இல்லை.

—மாஸ்டர்


ஆகஸ்ட் 25

மாஸ்டர்,

ராத்திரி போனில் பேசியாயிற்று, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சைட் வேலை முடிந்து நம் வீட்டுக்கே வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போனில் உன்னோடு பேச வந்தால் பொடிசுதான் பேசுகிறாள், நமக்கு இடம் கிடைப்பதில்லை.

ஊரில் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ சொன்னதிலிருந்து நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. அத்தை எழுந்து குனிந்து வேலை செய்யக் கிளம்புவார், விடாதே.

இங்கே நம் வீட்டு நிலவரம். மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து வெள்ளையாக ஓர் உருவம் நடந்து வந்து, "அப்பா, பே!" என்றது. நிஜமாகவே பயந்துவிட்டேன். தலை குளிப்பாட்ட வேண்டியதாயிற்று. தொட்டியில் தண்ணீர் நிரப்பி உட்கார வைத்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், நினைப்பு வந்தது. குளியலறையில் நாங்கள் இரண்டு பேர்தான், வீட்டிலும் இரண்டு பேர்தான். இருக்கட்டும் என்று விட்டேன். தண்ணீர் ஆறிவிடுமே என்று சோப்பை எடுத்தேன். மாவு தண்ணீரில் ஊறிப் பசையாகி முடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதை எடுப்பதற்குள் என் தாவு தீர்ந்துவிட்டது. நினைப்பு எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

நேற்று டாக்டரிடம் போனபோது அவளையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். இந்த ஊர் டாக்டர், அந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, இரண்டு மாத்திரையையும் இப்படியே தொடரச் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று நானாக நிறுத்தக் கூடாது, அடுத்த வருஷம் பார்த்து முதலில் சின்னதைக் குறைக்கலாமா என்று யோசிப்போம் என்றார். சர்க்கரை சரியாக இருக்கிறது. எடைதான் ஏறியிருக்கிறது, லிப்டை விட்டுப் படியில் ஏறச் சொன்னார். லிப்ட் மெக்கானிக்கிடம் போய் இப்படிச் சொல்லலாமா? ஐந்து மாடியும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். எழுந்திரு என்று காதைத் திருகினாள்.

அடுத்த வாரக் கடைசியில் வர டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னாய். எடுக்காதே. அத்தையின் கண்ணை டாக்டர் இன்னொரு தடவை பார்த்த பிறகு சாவகாசமாக வா. சித்திகளையும் பார்த்துவிட்டு வா, எத்தனை நாளாயிற்று. ஆல்டரேஷன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் மாவைத் தவிர.

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். தலையணையைத் தரையில் இழுத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிற சத்தம் கேட்கிறது. போகிறேன்.